மிகுந்தலை: கண்டி வீதியில் ஒரு கருங்கல் மலை

சாவகச்சேரி நகரின் நடுவே செல்லும் கண்டி வீதி, ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா, மதவாச்சி கடந்து தெற்கே மிகுந்தலை மலையடியைத் தொடுகிறது. சாவகச்சேரி அமைந்த தென்மராட்சி மண்ணுக்கடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்; மேடு என்று சொல்ல அங்கே ஒன்றும் இல்லை. இங்கோ கருங்கற்பாறை சுமார் 1000 அடிக்கு எழுந்து நிற்கிறது. அநுராதபுரம் மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீற்றர்.

அசோகச் சக்கரவர்த்தியின் மகன் மகிந்த தேரர், கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஒரு பொசன் பௌர்ணமியன்று, மான் வேட்டைக்கு வந்த தேவநம்பியதீச மன்னனை இம்மலையில் சந்தித்தார் என்பது மகாவம்சம் தரும் வரலாறு. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்த சீன யாத்திரிகர் பாகியன், இங்கே சுமார் 2000 துறவிகள் வாழ்ந்ததாக எழுதினார்.

அடிவாரத்தில் பழைய மருத்துவமனையின் இடிபாடு உள்ளது. நோயாளியை மருந்தெண்ணெயில் கிடத்துவதற்காக, மனித உடலின் வடிவிலேயே குடைந்த கல்தொட்டி அங்கே கிடக்கிறது. அங்கிருந்து உச்சிவரை 1840 கற்படிகள். படிகள் அகலமானவை, உயரம் குறைந்தவை. இருபுறமும் மரநிழல் உண்டு.

முதற்கட்டு ஏறியதும் வலப்புறம் கண்டக சேதியம். அதன் கிழக்கு முகப்பில் யானை வரிசை, அன்னம், குள்ளப் பூதங்கள் எனப் புடைப்புச் சிற்பங்கள் நெருங்கி நிற்கின்றன. பூதங்களிடையே யானைத்தலையோடு ஓர் உருவம். இலங்கையின் மிகப் பழைய பிள்ளையார் வடிவங்களுள் ஒன்றாக அது கருதப்படுகிறது.

அடுத்த தளத்தில் துறவிகளின் அன்னசாலை. சோற்றுக்கும் கஞ்சிக்குமான நீண்ட கல்தொட்டிகள் அங்கே இன்னும் இருக்கின்றன. அருகில் நிற்கும் இரு பெரும் கற்பலகைகள், 10ஆம் நூற்றாண்டில் நான்காம் மகிந்த மன்னன் பொறித்த சாசனம். துறவிகள் விடியலில் எழுவது முதல் மடத்துப் பணியாளரின் கூலி, அன்றாடக் கணக்கை எழுதும் முறை வரை அதில் உண்டு.

இத்தனை பேருக்கும் தண்ணீர் கொடுத்தவை பாறைக் கேணிகள். நாக கேணியின் பின்பாறையில் ஐந்தலை நாகம் படம் விரித்து நிற்கிறது. மழைநீர் அதன் அடியில் தேங்கும். அந்நீர் கால்வாய் வழியே கீழிறங்கி அன்னசாலைக்கும் சிங்கக் கேணிக்கும் வந்தது. அங்கே பின்னங்காலில் நிமிர்ந்து நிற்கும் கற்சிங்கத்தின் வாயே பீலி.

உச்சியை அண்டிய மேடையில், மன்னனும் தேரரும் சந்தித்ததாகச் சொல்லப்படும் இடத்தில், கற்றூண்கள் சூழ்ந்த அம்பஸ்தல தாதுகோபம் உள்ளது. மாமரத்தைக் காட்டித் தேரர் மன்னனின் அறிவைச் சோதித்ததால் வந்த பெயர் அது. சற்று அப்பால், குகைக்குள் வழவழப்பான ஒரு கல். அது மகிந்தரின் படுக்கை என்பர். கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஆராதனைப் பாறையில் ஏறினால், காடும் குளங்களும் மேற்கே அநுராதபுரத்துத் தாதுகோபங்களும் தெரியும்.

மேல்மேடையில் செருப்பைக் கழற்றவேண்டும். நண்பகலில் பாறை காலைச் சுடும். விடியற்காலையே ஏறுவதற்கு ஏற்றது. ஆனி மாதத்தை ஒட்டி வரும் பொசன் போயாவன்று படிகளில் வெள்ளுடை அணிந்த அடியார் கூட்டம் நிறைந்திருக்கும்; சிற்பங்களை நின்று பார்க்க விரும்புவோர் வேறு நாளில் செல்வது நல்லது.