யாருடைய காயின், யாருடைய ஓட்டு? ஸ்டீம் சண்டை

ஒரு பிளாக்செயினை யாராவது விலைக்கு வாங்க முடியுமா? 2020-ல ஒருத்தர் வாங்கப் பார்த்தாரு. இன்னைக்கு அந்தக் கதைதான்.

ஸ்டீம் 2016-ல ஆரம்பிச்ச பிளாக்செயின். அது மேல ஓடின முக்கியமான தளம் ஸ்டீமிட். பதிவு எழுதி, அதுக்கு ஓட்டு விழுந்தா காயின் கிடைக்கும். செயினை நடத்துறவங்களுக்கு 'விட்னஸ்'னு பேரு. அதிக ஓட்டு வாங்கின முதல் 20 பேர் கையிலதான் அதிகாரம். ஹார்ட் ஃபோர்க் வரணும்னா அதுல 17 பேர் சம்மதிக்கணும். ஓட்டு ஆளுக்கு ஒண்ணு கிடையாது, நீங்க பூட்டி வெச்சிருக்கிற காயினுக்குத் தகுந்த எடை.

இங்கதான் சிக்கலே. ஒரு கணக்கு 30 விட்னஸுக்கு ஓட்டுப் போடலாம், ஒவ்வொருத்தருக்கும் முழு எடை போகும். அதனால 51-க்கு 49-னு ரெண்டு அணி மோதினா, இடங்கள் 11-க்கு 9-னு பிரியாது. 20-க்கு பூஜ்யம்!

ஸ்டீமிட் நிறுவனத்துக்கிட்ட ஆரம்ப நாட்கள்லயே மைன் பண்ணின காயின் குவிஞ்சிருந்தது, மொத்தத்துல சுமார் ஐந்தில் ஒரு பங்கு. 'அதை வளர்ச்சிக்குத்தான் செலவழிப்போம், ஓட்டுக்குப் பயன்படுத்த மாட்டோம்'னு சொல்லியிருந்தாங்க. சொன்னதோட சரி. கோடுல அதுக்கு ஒரு வரிகூட இல்லை. 2020 பிப்ரவரியில ட்ரான் நிறுவனர் ஜஸ்டின் சன் அந்த நிறுவனத்தை வாங்கினாரு. பழைய வாக்குறுதி அவரைக் கட்டுப்படுத்துமா? பயந்துபோன விட்னஸ்கள் ஒரு சாஃப்ட் ஃபோர்க் போட்டு அந்தக் காயின்களை முடக்கினாங்க. காசு கொடுத்து வாங்கினவர் பக்கம் நின்னு பார்த்தா, இது சொத்து முடக்கம்தான். அதை நாம பூசி மெழுக வேண்டாம்.

அடுத்து மார்ச் 2. பைனான்ஸ், ஹுவோபி, பொலோனியெக்ஸ் மூணு எக்ஸ்சேஞ்சும் வாடிக்கையாளர்கள் போட்டு வெச்சிருந்த ஸ்டீமைப் பூட்டி ஓட்டுப் போட்டாங்க. முதல் 20 இடமும் கை மாறிடுச்சு, முடக்கமும் நீங்கிடுச்சு. யோசிச்சுப் பாருங்க, விற்கலாம்னு நீங்க எக்ஸ்சேஞ்சுல வெச்ச காயின், உங்களைக் கேட்காமலே நீங்க ஆதரிக்கிற விட்னஸுக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்கு. அதோட, பூட்டின காயினை முழுசா வெளியே எடுக்க அப்போ 13 வாரம் தேவைப்பட்டுச்சு. எதிர்ப்பு கிளம்பினதும் பைனான்ஸும் ஹுவோபியும் ஓட்டை வாபஸ் வாங்கினாங்க. ஏதோ வழக்கமான அப்கிரேடுன்னு நினைச்சோம்ங்கிற ரீதியில விளக்கம் வந்தது. மத்தவங்க காசைப் பூட்டும்போது இவ்வளவு அசால்ட்டா இருக்கலாமா?

மார்ச் 20-ல சமூகத்துல பெரும்பகுதி பிரிஞ்சு போய் 'ஹைவ்' தொடங்கினாங்க. பதிவுகள், கணக்குகள், இருப்பு எல்லாம் அப்படியே காப்பி. ஸ்டீமிட் நிறுவனத்தோட பங்கையும், சன் அணிக்கு ஓட்டுப் போட்ட சில கணக்குகளையும் மட்டும் விட்டுட்டாங்க. பழைய ஸ்டீம் பக்கமும் சும்மா இருக்கல. மே 20-ல ஒரு ஹார்ட் ஃபோர்க் மூலமா 64 கணக்குகள்ல இருந்து 2 கோடியே 36 லட்சம் ஸ்டீமைப் பறிச்சாங்க, அன்னைய மதிப்புல சுமார் 50 லட்சம் டாலர். ஹைவ்ல செஞ்சது புது காயின் தராம விட்டது. இங்க கையில இருந்ததையே எடுத்தாங்க. என் பார்வையில ரெண்டும் ஒண்ணு கிடையாது.

இதுல சினிமா மாதிரி ஒரு திருப்பம் உண்டு. பறிச்ச காயின் போய்ச் சேர்ந்த கணக்குல இருந்து, யாரோ மொத்தத்தையும் பிட்ரெக்ஸ் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி, 'இது திருட்டுக் காசு, உரியவங்களுக்குத் திருப்பிக் கொடுங்க'ங்கிற மாதிரி குறிப்பும் வெச்சுட்டாங்க. ஆக, கடைசியில பஞ்சாயத்து மறுபடியும் ஒரு எக்ஸ்சேஞ்ச் வாசல்லயே வந்து நின்னுச்சு.

உங்க காயின் எக்ஸ்சேஞ்சுல இருந்தா, ஓட்டுரிமை யாருக்குன்னு அவங்க விதிமுறையில தேடிப் பார்த்துட்டு எழுதுங்க. அடுத்த எபிசோடுல அதைப் பேசலாம்.