ரகசியப் பலகையும் நான்கு தோழிகளும்

(நம் குடியிருப்பு நூலக அறையில் நடந்த வாசகர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



துப்பறியும் நாவல் என்றால் ரயில் ஏறும்போது வாங்கி, இறங்குவதற்குள் முடித்துவிடுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இன்று நான் பேசப்போகும் நாவலை முடிக்க எனக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

பெயர் 'தி சீக்ரெட் பிளேஸ்'. எழுதியவர் டானா ஃபிரெஞ்ச். 2014-இல் வந்தது. டப்ளின் நகரக் கொலை வழக்குப் பிரிவை வைத்து அவர் எழுதிய வரிசையில் ஐந்தாவது. முந்தைய நான்கையும் படிக்காமலே இதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படித்தேன்.

கதை நடப்பது அயர்லாந்தில், செயின்ட் கில்டாஸ் என்ற வசதியான பெண்கள் விடுதிப் பள்ளியில். அருகிலுள்ள ஆண்கள் பள்ளி மாணவன் கிறிஸ் ஹார்ப்பர் அந்த வளாகத்துக்குள் கொலையாகிக் கிடந்தான். ஓராண்டாகியும் துப்புத் துலங்கவில்லை. பள்ளியில் ஒரு பலகை உண்டு. மனதில் இருப்பதை மாணவிகள் பெயர் போடாமல் எழுதி அதில் குத்தி வைக்கலாம். ஒருநாள் அங்கே கிறிஸின் படத்தோடு ஓர் அட்டை. கொன்றவர் யாரென்று தனக்குத் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஹாலி என்ற 16 வயதுப் பெண் அதை எடுத்துப்போய், தனக்கு முன்பே தெரிந்த ஸ்டீபன் மோரன் என்ற துப்பறியும் காவலரிடம் கொடுக்கிறாள்.

பள்ளியில் நடக்கும் விசாரணை ஒரே நாளில் முடிகிறது. ஓர் அத்தியாயம் விசாரணை, அடுத்தது பழைய கதை என்று மாறிமாறி வரும். பழைய கதையில், கிறிஸுக்கு இன்னும் எவ்வளவு நாள் ஆயுள் என்று ஆசிரியர் அவ்வப்போது சொல்லிக்கொண்டே வருகிறார். அவன் சிரித்துப் பேசும் இடத்தில்கூட நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஹாலி, ஜூலியா, செலீனா, ரெபெக்கா ஆகிய நால்வரும் உயிர்த்தோழிகள். பள்ளியை விட்டுப் போகும்வரை பையன்கள் சகவாசமே வேண்டாம் என்று சத்தியம் செய்துகொள்கிறார்கள். பையன்கள் போடும் மதிப்பெண்ணுக்காக வாழ வேண்டாம் என்பதுதான் காரணம். நல்ல முடிவுதானே என்று நமக்கும் படும். சிக்கல் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வங்கியில் இன்ஸ்பெக்ஷன் வரும்போது நான்கு பேரும் ஒரே வார்த்தையில் ஒரே பதிலைச் சொன்னால், வந்தவருக்கு உடனே சந்தேகம் வரும். இந்தப் பெண்கள் அப்படிக் கூடிப் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொன்றை மறைக்கிறார்கள். தோழியைக் காப்பாற்றுவதற்காக, அந்தத் தோழியிடமிருந்தே மறைக்கிறார்கள். நட்பைக் காக்க வைத்த ரகசியம் அந்த நட்பையே அரிக்கிறது. கொலை செய்தது யார் என்பதைவிட இதுதான் என்னை உலுக்கியது.

ஹாலியின் அப்பா ஃபிராங்க் மேக்கியும் காவல்துறைக்காரர்தான். எவரிடமிருந்தும் விஷயத்தைக் கறந்துவிடுகிற ஆள். தன் மகளை விசாரிக்கிறார்கள் என்றதும் பள்ளிக்கே வந்து நிற்கிறார். மகளை நம்புவதா, சந்தேகப்படுவதா என்று அவர் தவிக்கும் பக்கங்களைப் பெற்றோர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. இடையில் விளக்கு தானாக அணைவது போன்ற மாயச் சங்கதிகள் வருகின்றன. முதலில் எனக்கு ஒட்டவில்லை. அந்த வயதில் நான்கு பேர் சேர்ந்தால் எதையும் செய்யலாம் என்று தோன்றும் அல்லவா, அதைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று பிறகு எடுத்துக்கொண்டேன். அந்த ஊர்ப் பிள்ளைகளின் கொச்சை ஆங்கிலமும் சிரமம்தான். ஐம்பது பக்கம் தாண்டினால் பழகிவிடும்.

நம் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நம்மைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். 'என்ன ரகசியம்?' என்று அதட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது கேட்பதில்லை. நான்கு பேரில் ஒருத்தி சில நாளாகத் தனியாக நிற்கிறாளா என்று மட்டும் பார்க்கிறேன். நின்றால், சாப்பிட்டாயா அம்மா என்று கேட்கிறேன். அந்தப் பள்ளியில் பலகை இருந்தது. இப்படிக் கேட்கப் பெரியவர் ஒருவர் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் எனக்கு இன்னும் போகவில்லை.

கொலையாளி யாரென்று நான் சொல்லப்போவதில்லை. புத்தகத்தை நம் நூலக அலமாரியில் வைத்திருக்கிறேன். பதிவேட்டில் எழுதிவிட்டு எடுத்துப் போங்கள். முடித்தவர்கள் லிஃப்டில் முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.