ஆறாவது வார்டின் கதவு

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் வாசகர் வட்டத்தில் ஆற்றிய உரை)

ருஷ்ய எழுத்தாளர் அந்தோன் செகாவ் ஒரு டாக்டர். பண்ணையடிமையாயிருந்து, பணம் கட்டி விடுதலை பெற்ற ஒருவரின் பேரன். 1890-ல் சகாலின் தீவுக்குப் போய், அங்கே கைதிகள் பட்ட பாட்டை நேரில் கண்டார். 1892-ல் 'ஆறாவது வார்டு' கதையை வெளியிட்டார்.

சிறு நகரத்து ஆஸ்பத்திரி. அதன் வளவில் பைத்தியக்காரர் வார்டு. ஜன்னலில் இரும்புக் கம்பி. வாசலில் காவற்காரன் நிகிதா. அவனுடைய முஷ்டிதான் அங்கே சட்டம்.

டாக்டர் ராகின் கொடியவரல்ல, நிறையப் படித்தவர். அங்கே நடக்கும் அடியும் திருட்டும் அவருக்குத் தெரியும். ஆனால் ஞானிக்குச் சிறையும் கதகதப்பான அறையும் ஒன்றே என்று தத்துவம் பேசுகிறார். வாழ்நாளில் ஒரு நாளாவது உதைபட்டவரா நீர் என்று மடக்குகிறான் நோயாளி குரோமொவ்.

புளோ ரூமில் பஞ்சுத் தூசி விழுங்குகிறவனிடமும், அவிநாசிப் பக்கம் தோட்டத்து வெயிலில் களையெடுக்கிறவளிடமும் "எல்லாம் தலைவிதி, பொறுத்துக்கொள்" என்கிறார்களே, அவர்களிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் இதுவே!

நோயாளியோடு பேசிப் பழகியதையே சாக்காக வைத்து, டாக்டரையும் ஏமாற்றி அதே வார்டில் அடைக்கிறார்கள். வெளியே விடச் சொல்லிக் கதவை இடிக்கிறார். நிகிதாவின் முஷ்டி முகத்தில் இறங்குகிறது. இந்த வலியைத்தானே இவர்கள் ஆண்டாண்டாய்ப் பட்டார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைக்கிறது. மறுநாள் உயிர் பிரிகிறது.

இளம் வயதில் இதைப் படித்த லெனின், தாமே அந்த வார்டில் பூட்டப்பட்டதுபோல் உணர்ந்ததாகத் தமக்கையிடம் சொன்னார்.

இது ஜார் காலத்தோடு முடிந்த கதையா? இல்லை, தோழர்களே! 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதிக் கொட்டகை தீப்பற்றியது. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள்.

எந்த வடிவிலும் சங்கிலியிடக் கூடாதென 2017-ன் மனநலச் சட்டம் சொல்கிறது. சட்டம் மட்டும் நோயைத் தீர்க்குமா? ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாத வீட்டில், நோயாளியை யார் பார்த்துக்கொள்வது? தூரத்து ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப் போவது? வேறு வழி தெரியாதபோதுதான் கயிறும் பூட்டும் வருகின்றன.

நம்மிடமும் குறையுண்டு. மூளை கலங்கிய தோழனைக் 'கிறுக்கன்' என்று சிரிக்கும்போது, நிகிதாவின் முஷ்டி நம் கையிலேயே இருக்கிறது. அதை முதலில் பிரிப்போம்.

தாலுகா ஆஸ்பத்திரிதோறும் மனநல டாக்டரும் மாத்திரையும் வேண்டும் என்ற கோரிக்கையை, கூலி, போனஸ் கோரிக்கைகளோடு நம் சங்கத் தீர்மானத்தில் சேர்ப்போம். ராகின் கதவை இடித்தபோது அவர் தனியாள். நாம் தனியாள் அல்ல!