விண்டோஸ் 11-க்கு முன்னால் ஒரு வேலை

(சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன மாதம் இதே இடத்தில் ஆதித்ய ஹ்ருதயத்தைப் பற்றி அருமையாகப் பேசினார்கள். இன்று நான் ஹார்ட் டிஸ்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் காரியதரிசி விடவில்லை. "மாமா, நம்ம மெம்பர்கள்ல பாதிப் பேர் ஆத்துல பழைய கம்ப்யூட்டர்தான். நீங்க பட்டதைச் சொன்னாலே போறும்" என்றார். நான் கம்ப்யூட்டர் படித்தவனல்ல. 1971-ல் பௌதிகத்தில் பி.எஸ்ஸி., அப்புறம் முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்கார் ஃபைல்கள். அதனால் பட்டதை மட்டும் சொல்கிறேன்.

விண்டோஸ் 10-க்கு இலவசமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றன. கூடுதலாக ஓராண்டுக்குப் பதிவு செய்துகொள்ள ஒரு வழி வைத்தார்கள். கம்ப்யூட்டர் என்னவோ பழையபடி ஓடும். ஆனால் புதிதாக ஓர் ஓட்டை தெரியவந்தால் அடைக்க ஆளில்லை. பென்ஷன் கணக்கை அதில் பார்க்கிற நமக்கு அது உசிதமில்லை. எனவே 11-க்குப் போகத் தீர்மானித்தேன்.

என் கம்ப்யூட்டர் 2013-ல் கடையில் சேர்த்துக் கட்டிக் கொடுத்தது. 2019-ல் மதர்போர்டும் பிராசஸரும் மாற்றினேன். இன்டெல் எட்டாம் தலைமுறை. 11-க்கு அது போதும். ஆனால் சிக்கனம் பார்த்துப் பழைய ஒரு டெராபைட் டிஸ்கை அப்படியே வைத்துக்கொண்டேன். வினை அங்கே இருந்தது. 11-க்கு யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் கம்ப்யூட்டர் கிளம்ப வேண்டும். அப்படிக் கிளம்ப, டிஸ்கின் அமைப்பு ஜி.பி.டி.யாக இருக்க வேண்டும். என்னுடையது எம்.பி.ஆர்.

இது என்ன என்று நம் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். ரெக்கார்ட் ரூமில் எந்த ஃபைல் எந்த பீரோவில் என்று ஒரு ரிஜிஸ்தர் இருக்குமல்லவா? டிஸ்கிலும் எந்தப் பகுதி எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று ஒரு குறிப்பு உண்டு. எம்.பி.ஆரில் அது டிஸ்கின் முதல் ஏட்டில் மட்டும் இருக்கும்; நாலே பதிவுகளுக்குத்தான் இடம். 1983-ல் ஐ.பி.எம். பி.சி. எக்ஸ்.டி. வந்தபோது அதன் டிஸ்க் வெறும் 10 மெகாபைட். அந்தக் காலத்து ஏற்பாடு இது. இடத்தைக் குறிக்க 32 பிட் எண். இரண்டின் 32-வது அடுக்கை 512-ஆல் பெருக்கிப் பாருங்கள்: சுமார் 2.2 லட்சம் கோடி பைட். அதாவது இரண்டு டெராபைட்டுக்கு மேல் இந்த ரிஜிஸ்தருக்கு எண்ணத் தெரியாது. ஜி.பி.டி.யில் விண்டோஸ் 128 பகுதிகள் வரை வைத்துக்கொள்ளும். அதைவிட முக்கியம், ரிஜிஸ்தரின் நகல் ஒன்று டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். முதல் ஏடு கிழிந்தாலும் பிழைக்கலாம்.

என் பழைய சக அதிகாரி ஒருவர் இதே வேலைக்காக ஓர் ஆளைக் கூப்பிட்டார். வந்தவர் பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். எப்படி? டிஸ்க்பார்ட் என்ற கருவியில் 'கிளீன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது ரிஜிஸ்தரையே அழித்துவிடும். பிறகு புதிதாக ஜி.பி.டி. போட்டு 11-ஐ ஏற்றிவிட்டார். கம்ப்யூட்டர் பளிச்சென்று வந்தது. பெண் கல்யாணப் படங்கள், பன்னிரண்டு வருஷத்து வரிக் கணக்குகள், ஒன்றும் வரவில்லை. "கேட்டுட்டுத்தானே பண்ணினேன் சார்" என்றாராம் அந்த ஆள். கேட்டது உண்மைதான், கேட்டது இவருக்குப் புரியவில்லை.

என் டிஸ்கில் அதைவிடப் பெரிய சொத்து ஒன்று இருந்தது. 2014-ல் என் மனைவி, தன் அம்மாவிடம் பாடம் பண்ணிய நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு, லாலி எல்லாவற்றையும் ஒரு மைக் வைத்துப் பாடிப் பதிந்தாள். மொத்தம் 23. 2016-ல் அவள் காலமானாள். அந்தப் பாட்டுகள் 'டி' டிரைவில் மட்டுமே இருந்தன. பௌதிகம் படித்தவன் ஒன்பது வருஷம் ஒரே பிரதியோடு சும்மா இருந்தேன் என்பதை இந்தச் சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

டிஸ்கை அழிக்காமலே மாற்ற மைக்ரோசாஃப்ட் ஒரு கருவி வைத்திருக்கிறது. பெயர் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. 2017 முதல் விண்டோஸ் 10-க்குள்ளேயே இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, முதலில் 'வேலிடேட்' கட்டளை. இது எதையும் மாற்றாது. மாற்ற முடியுமா என்று மட்டும் பார்த்துச் சொல்லும். எனக்கு முடியாது என்று சொல்லிவிட்டது.

இதற்குக் காரணம் தெரிய இரண்டு நாள் ஆயிற்று. நம் ஊரில் அசெம்பிள் பண்ணுகிறவர்கள் சி, டி, இ, எஃப் என்று டிஸ்கைக் கூறு போட்டுக் கொடுப்பது வழக்கம். நாலு பதிவுக்கு மேல் இடமில்லாததால், ஒரு பதிவை 'எக்ஸ்டெண்டட்' என்று வைத்து அதற்குள் உள்ளறைகளாக டி, இ, எஃப். இந்தக் கருவி உள்ளறைகளை ஏற்காது. மூன்று பிரதானப் பகுதிகளுக்கு மேலும் கூடாது. ஆக, என் மனைவியின் பாட்டு இருந்த 'டி'யை நான் என் கையாலேயே அழித்தாக வேண்டும்.

வெளி டிஸ்க் இரண்டு வாங்கினேன். ஒன்று போதாதா என்றான் பிள்ளை. போதாது. இரண்டிலும் நகல் எடுத்து, ஒரு பிரதியிலிருந்து 23 பாட்டையும் உட்கார்ந்து கேட்டேன். நகல் ஆகிவிட்டது என்று திரையில் வருவதை நம்பாதீர்கள், திறந்து பாருங்கள். பதினேழாவது திறக்கவில்லை. கேபிள் ஆடியிருக்க வேண்டும், மறுபடி எடுத்தேன். ஊஞ்சல் பாட்டின் நடுவில் குக்கர் விசில் அடிக்கிறது, அவள் சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பாடுகிறாள். அன்று மத்தியானம் வேறு வேலை ஓடவில்லை.

மறுநாள் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'டி'யின் மேல் வைத்த கை நகரவில்லை. பேரன் ஃபோனில் இருந்தான். "தாத்தா, ரெண்டு காப்பி இருக்கோன்னோ? அப்ப அமுக்குங்கோ" என்றான். அமுக்கினேன்.

பிறகு வேலிடேட் சரி என்றது. பிட்லாக்கர் பூட்டு போட்டிருப்பவர்கள் அதை முதலில் நிறுத்திவைக்க வேண்டும், என்னிடம் இல்லை. 'கன்வெர்ட்' கட்டளை ஒரு நிமிஷத்துக்குள் முடிந்தது. சந்தோஷமாக ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை. கிளம்ப டிஸ்க் இல்லை என்கிறது! மாற்றிய பின் பயாஸில் 'லெகசி'யிலிருந்து 'யூ.இ.எஃப்.ஐ.'க்கு மாற்றாவிட்டால் கிளம்பாது என்று நானே காகிதத்தில் எழுதி வைத்திருந்தேன். காகிதம் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில். டிலீட் பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்து, சி.எஸ்.எம். என்பதை அணைத்தேன்; வந்தது. அங்கேயே செக்யூர் பூட்டையும், டி.பி.எம்.முக்காக இன்டெல் பி.டி.டி. என்பதையும் இயக்கிவிட்டேன். பல போர்டுகளில் இது இருந்தும் அணைத்தே வைத்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் புது கம்ப்யூட்டர் வாங்கிவிடாதீர்கள். 11 ஏற இரண்டு மணி நேரம் ஆயிற்று.

உங்களுடையது எது என்று தெரிய, ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து 'பயாஸ் மோட்' வரியைப் பாருங்கள். யூ.இ.எஃப்.ஐ. என்றிருந்தால் நான் சொன்ன டிஸ்க் வேலை எதுவும் உங்களுக்கு வேண்டாம். லெகசி என்றிருந்தால் டிஸ்கைத் தொடும் முன் என்னைக் கூப்பிடுங்கள். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து அடித்த சீட்டு காரியதரிசியிடம் இருக்கிறது.

வெளி டிஸ்குகளில் ஒன்று இப்போது என் பெண்ணின் ஆத்தில். தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். நலங்குக்கு அந்தப் பாட்டுகளைத்தான் போடப் போகிறார்கள். குக்கர் விசிலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள் பெண். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.