இரண்டு கணினி, ஒரு கேபிள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பிள்ளைங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லுப்பா" என்று சங்கச் செயலாளர் கேட்டார். நான் செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் பேச வந்தது லேன் கேபிளைப் பற்றி!

பக்கத்துப் பக்கத்து மேஜையில் இரண்டு கணினி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒரு ஃபைல் போக வேண்டும். இன்று என்ன செய்கிறோம்? இணையத்தில் ஏற்றி, எங்கோ தூர தேசத்து சர்வருக்கு அனுப்பி, திரும்ப இறக்குகிறோம். எதிர் வீட்டுக்காரரிடம் பேசத் தபாலாபீஸ் போவது மாதிரி! ஒரே ஒரு கேபிள் போதும் ஐயா.

1973இல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கினார்கள். அன்று தடித்த கோஆக்சியல் கேபிள். இன்று நாம் காணும் முறுக்கிய ஜோடிக் கம்பிக்கு 1990இல்தான் தரநிர்ணயம் வந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். 10, 100 மெகாபிட் வேகத்தில் கணினி 1, 2ஆம் பின்களில் பேசும். 3, 6ஆம் பின்களில் கேட்கும். இரண்டு கணினிகளை நேரான கேபிளால் இணைத்தால் வாயும் வாயும், காதும் காதும் சேர்ந்துவிடும். எப்படிக் கேட்கும்? அதனால் ஒரு முனையில் ஆரஞ்சு ஜோடியையும் பச்சை ஜோடியையும் இடம் மாற்றினார்கள். அதுதான் கிராஸ்ஓவர் கேபிள். மேடையில் இருக்கும் மூத்தவர்கள் பலர் கிரிம்பிங் டூலோடு மல்லுக்கட்டியிருப்பார்கள்! இன்றைய கிகாபிட் கார்டுகள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. இரண்டில் ஒன்று அப்படிப்பட்டதாக இருந்தாலே சாதாரணக் கேபிள் போதும்.

இனி முகவரி. ஒன்றுக்கு 192.168.1.1, மற்றதற்கு 192.168.1.2, இரண்டுக்கும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே தேவையில்லை, காலியாக விடுங்கள். எதுவுமே கொடுக்காவிட்டாலும் விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் முகவரியை எடுத்துக்கொள்ளும். பிறகு பிங் செய்து பாருங்கள்.

"இதெல்லாம் இப்ப எதுக்கு சார்?" என்று பின்வரிசையில் ஒரு தம்பி நினைப்பது தெரிகிறது. சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோவைப் பக்கம் ஒரு சிறு பட்டறைக்குப் போயிருந்தேன். லேத் மெஷின்களுக்கான புரோகிராம்கள் எல்லாம் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் இருந்தன. ஹார்டு டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டது. அணைத்தால் மறுபடி எழுமா, நிச்சயமில்லை. யு.எஸ்.பி. பழுது. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014லேயே நின்றுவிட்டதால் இணையத்தில் இணைக்கவும் பயம். "தம்பி, இந்தப் பெட்டி போச்சுன்னா பதினஞ்சு வருஷ உழைப்பு போச்சு" என்றார் முதலாளி. பன்னிரண்டு தொழிலாளிகள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் லேப்டாப்பில் வைஃபையை அணைத்துவிட்டுக் கேபிளைச் செருகினேன். விளக்கு எரிந்தது. முகவரி கொடுத்தேன். பிங் பதில் வரவில்லை! விளக்கு எரிகிறது, ஆகவே கம்பி சரி. முகவரியும் சரி. மிச்சம் ஃபயர்வால். புது இணைப்பைப் பொது இடம் என்று கருதி லேப்டாப் கதவைச் சாத்தியிருந்தது. திறந்ததும் பதில் வந்தது. எக்ஸ்பியின் பழைய ஃபைல் பகிர்வு முறையைப் புது விண்டோஸ் ஏற்கவில்லை, எஃப்.டி.பி. வழியாக அனுப்பினோம். 20 கிகாபைட், பழைய 100 மெகாபிட் கார்டு, விநாடிக்குச் சுமார் 11 மெகாபைட். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. முதலாளி டீ வாங்கி வரச் சொன்னார்.

தம்பி தங்கைகளே, அன்று கைகொடுத்தது விலையுயர்ந்த மென்பொருள் அல்ல. முதலில் கம்பி, அப்புறம் முகவரி, அப்புறம் ஃபயர்வால், கடைசியில் மென்பொருள் என்று கீழிருந்து மேலே பார்த்து வரும் பழக்கம்தான். அந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது இதே கல்லூரியின் ஆய்வுக்கூடம். எல்லாம் தானாக நடக்கிற காலத்தில், நடக்காத ஒரு நாளில்தான் பொறியாளரைத் தேடுவார்கள்.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்தில் கழித்துப்போடும் பழைய கணினிகளையும், சில கிரிம்பிங் டூல்களையும் ஆய்வுக்கூடத்துக்குத் தாருங்கள். பிள்ளைகள் தைரியமாகப் பிரித்து, மாட்டிப் பழகட்டும். மாதம் ஒரு சனிக்கிழமை வந்து கூட உட்கார நான் தயார். இன்னும் இரண்டு பேர் கை தூக்கினால் அடுத்த மாதமே தொடங்கிவிடலாம்.