ரெண்டு இடத்துல இருக்கட்டும் கணக்கு



போன வருஷம் ஒரு இடி மழையில நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் போச்சு. மூணு மாசத் தவணை வரவு அதோட போச்சு. கம்ப்யூட்டர்லதான் இருக்கேன்னு பேரேடு எழுதுறதை நிறுத்தினவ நான். ஒழுங்கா கட்டின ஒரு அக்காகிட்டயே, "கட்டினீங்களா?" என்று கேட்டேன். அவங்க பேசாம பாஸ்புக்கை நீட்டினாங்க. எனக்குத் தலை நிமிரல.

அப்புறம்தான் கூகுள் டிரைவில் ஒரு நகல் வைக்க உட்கார்ந்தோம். நம்ம லைன்ல படம் பார்க்கலாம். ஃபைல் ஏத்தறதுன்னா நத்தை. ஏத்துற வேகம் 1 எம்பிபிஎஸ் என்றால் 1 ஜிபி ஏற 2 மணி நேரத்துக்கு மேல் ஆகும். பௌர்ணமி அன்னைக்குக் கேட்கவே வேணாம். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம், ஆளுக்கொரு செல்போன்!

பார்த்தா, கனம் கணக்குல இல்ல, விழா வீடியோவுலதான். வருஷக் கணக்கு எக்செல் ஃபைல் ஒரு போட்டோ அளவுகூட வரல. இப்போ அன்னன்னைக்கு மாறின கணக்கு ஃபைலை மட்டும் சாயங்காலம் ஏத்துறோம். வீடியோ எல்லாம் பென்டிரைவில், செயலாளர் வீட்டு பீரோவில். மாசம் ஒருதரம் நகலைத் திறந்தும் பார்க்கிறோம். முதல்தரம் திறந்தப்போ வெறும் ஃபைல்தான் ஏறியிருந்தது!

அந்த மூணு மாசத்துல ரெண்டு குழு கணக்கு இன்னும் நேராகல. பாஸ்புக் கொண்டு வந்தவங்க சாப்பாட்டுக்கு முன்னாடி என்கிட்ட வாங்க.