நர்சிங் படிப்பும் குடும்பக் கணக்கும்

(வெள்ளி விழாக் குடும்ப மாலையில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பேசிப் பழக்கம் இல்லாதவர்கள் நாங்கள். எங்களில் ஒருவர் லேத் பட்டறையில் டர்னர். மற்றவர் ஒன்பது ஆண்டு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துவிட்டு, 32 வயதில் நர்சிங் படிக்கப் போனவர். "எவ்வளவு செலவாயிற்று? இலாபமா, நட்டமா?" என்று பூசை முடிந்து வெளியே வரும்போது பலர் எங்களைக் கேட்டதுண்டு. தனித்தனியே சொன்னதைச் சேர்த்துச் சொல்லும்படி பங்குத்தந்தை பணித்தார்கள். ஆகவே இருவரும் சேர்ந்து எழுதியதை இங்கே வாசிக்கிறோம்.

2020 மார்ச்சில் நாடெங்கும் பொதுமுடக்கம் வந்தபோது கம்பெனியை மூடினார்கள். கூலியும் நின்றது. அதே ஆண்டு எங்கள் அம்மா காய்ச்சலில் விழுந்து பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். ஊரெல்லாம் வேலையின்றி இருக்க, அந்த வார்டிலே நர்சுகள் மட்டும் உட்கார நேரமின்றி நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தோம். பத்து வருடத்துக்கு முன்பே படித்திருக்க வேண்டியது என்ற பழைய ஆசை அங்கேதான் மறுபடி தலைதூக்கியது.

ஆசை வேறு, கணக்கு வேறு. கோபுரம் கட்ட நினைப்பவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட வேண்டாமா என்று ஆண்டவர் கேட்டதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். எங்கள் வீட்டிலும் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து உட்கார்ந்தோம்.

முதலில் விதிகளை விசாரித்தோம். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிகளின்படி, ஜி.என்.எம். என்னும் டிப்ளமோ படிப்பு 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு, ஏ.என்.எம். 2 ஆண்டு. ஜி.என்.எம்.மில் சேர 35 வயதுக்கு மேற்படக் கூடாது. எங்களுக்கு 32 நடந்துகொண்டிருந்தது. அறிவியல் பிரிவில் +2 தேறியிருந்ததால் தகுதிக்குக் குறைவில்லை, காலத்துக்குத்தான் குறைவு. அரசு நர்சிங் பள்ளிகளில் கட்டணம் மிகக் குறைவு என்பதால் முதலில் அங்கே கேட்டோம். இடம் கிடைக்கவில்லை. பிறகுதான் தனியார் பள்ளிகளைத் தேடினோம்.

ஒரு பள்ளியில் ஆண்டுக் கட்டணம் 60,000 ரூபாய் என்றார்கள். மூன்று ஆண்டுக்கு 1,80,000. இதுதானே செலவு என்று எண்ணினோம். நோட்டில் எழுதியபோதுதான் புரிந்தது. புத்தகம், சீருடை, பரீட்சைக் கட்டணம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு 15,000 வீதம் 45,000. பஸ்ஸுக்கு மாதம் 1,000 வீதம் 36,000. எல்லாவற்றிலும் பெரிது, பள்ளிக்கூடத்தின் ரசீதில் எழுதப்படாத செலவு: மாதம் 10,000 ரூபாய்க் கூலி 36 மாதம் நின்றுபோவது. அது மட்டும் 3,60,000. ஆக மொத்தம் 6,21,000 ரூபாய். கட்டணத்தைப் போல் மூன்று மடங்குக்கும் மேல்!

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிகளில், புதிதாகச் சேரும் நர்சுக்கு என்ன தருவீர்கள் என்று நாங்களே நேரில் கேட்டோம். 14,000 என்றார்கள். அப்படியானால் பழைய கூலியைவிட மாதம் 4,000தான் அதிகம். போட்ட பணம் திரும்ப 155 மாதம், அதாவது ஏறத்தாழ 13 ஆண்டு. படிப்பு முடியும்போது 35 வயது. பணம் திரும்பும்போது 48. அன்று இரவு நோட்டை மூடிவிட்டுப் பேசாமல் படுத்துக்கொண்டோம்.

மறுநாள் எங்கள் அம்மா, ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, அந்த நோட்டை வாங்கிப் பார்த்தார்கள். "எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். இவள் ராத்திரி டூட்டிக்குப் போனால் பிள்ளைக்குச் சோறு போடப்போகிற என்னை எந்தக் கட்டத்தில் எழுதினீர்கள்?" என்று கேட்டார்கள். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. மூட்டுவலியோடு இருக்கும் ஒரு தாயின் உழைப்பைச் செலவே இல்லாததாக நினைத்துவிட்டோம். அன்று முதல் நோட்டில் இன்னொரு பக்கம் சேர்ந்தது: யார் எந்த நேரம் வீட்டில் இருப்பது, சமையல் யார், மகளைப் பள்ளியில் விடுவது யார் என்று. பட்டறையில் கேட்டுக் காலை ஷிப்டுக்கு மாறிக்கொண்டோம். மாலைச் சமையல் ஆண்பிள்ளை வேலையாயிற்று. அம்மாவுக்கு ஞாயிறு முழு ஓய்வு என்று எழுதினோம். எழுதியபடி எல்லா வாரமும் நடக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம்.

இடையில் ஒரு தவறும் செய்தோம். ஒரு தரகரின் பேச்சை நம்பி, எழுத்தில் எதுவும் வாங்காமல் ஒரு பள்ளியில் 20,000 முன்பணம் கட்டினோம். ஒரு வாரம் கழித்து, விடுதியில் கட்டாயம் தங்க வேண்டும், அதற்குத் தனிப் பணம், லேபுக்குத் தனிப் பணம் என்றார்கள். வேண்டாம் என்று திரும்பினோம், முன்பணம் திரும்பவில்லை. அந்த 20,000ஐயும் மறைக்காமல் நோட்டில் செலவாக எழுதினோம்.

பிறகு ஓர் ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பள்ளியில் ஆண்டுக்கு 40,000 வீதம் இடம் கிடைத்தது. முடித்தபின் ஓராண்டு அங்கேயே வேலை செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். பத்திரத்தை வரி விடாமல் படித்து, அந்த ஓராண்டுக்குச் சம்பளம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்திட்டோம். கட்டணத்தில் 60,000 குறைந்தது. விடுமுறை நாட்களில் ஜாக்கெட் தைத்து மாதம் 2,000 வீதம் 72,000 தேற்றலாம் என்று கணக்கிட்டோம். இழந்த முன்பணத்தையும் சேர்த்து மொத்தம் 5,09,000. திரும்ப வர ஏறத்தாழ பத்தரை ஆண்டு. இன்னும் பெரிய தொகைதான். ஆனால் பனியன் கம்பெனியில் ஆர்டர் குறைந்தால் கூலி நிற்கும். கண்பார்வை மங்கினால் செக்கிங் மேசையில் இடமில்லை. 48 வயதுக்குப் பிறகு அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டபோது, நோட்டில் எழுத ஒன்றுமில்லை. அதனால்தான் துணிந்தோம்.

கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் வாங்கினோம். 4 லட்சம் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதில்லை. எனினும் வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நாங்கள் மாதாமாதம் வட்டியை மட்டும் கட்டிவந்தோம். கந்துவட்டிக்குப் போவதில்லை, வீட்டுப் பத்திரத்தைத் தொடுவதில்லை, மகளின் பள்ளிக் கட்டணத்தில் கை வைப்பதில்லை என்று மூன்று தீர்மானம் செய்து, அவற்றைக் காப்பாற்றினோம்.

2021இல் சேர்ந்து 2024இல் முடித்தோம். "முடித்தோம்" என்று பன்மையில் சொல்வது மரியாதைக்காக அல்ல. முதலாண்டில் உடற்கூறு பாடத்தில் தவறி, 18 வயதுப் பிள்ளைகள் நடுவே தலைகுனிந்து நின்ற நாளில், விட்டுவிடலாம் என்ற பேச்சு வந்தது. அன்று எலும்புகளின் பெயர்களை அடுப்படியில் சத்தமாக வாசித்துக் காட்டியது அம்மாவும் மகளும்தான். மறுபரீட்சையில் தேறினோம். பிறகு தமிழ்நாடு நர்சுகள், தாதிகள் கவுன்சிலில் பதிவு செய்து, ஒப்பந்த ஆண்டையும் முடித்துவிட்டோம். இப்போது சம்பளம் 16,500. பனியன் கம்பெனியிலும் இதற்குள் கூலி கூடியிருக்கும் என்பதை மறைக்க மாட்டோம். கடன் இன்னும் தீரவில்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் வேலை இருக்குமா என்ற பயம் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது.

எல்லோரும் இப்படிச் செய்யுங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. எங்கள் தெருவில் 37 வயதான ஒரு சகோதரி, நர்சிங் உதவியாளருக்கான ஓராண்டுச் சான்றிதழ் வாங்கினால் அரசு நர்சு வேலை உறுதி என்ற பேச்சை நம்பிப் பணம் கட்ட இருந்தார். அந்தச் சான்றிதழை வைத்து நர்சாகப் பதிவு செய்ய முடியாது என்று விசாரித்து அறிந்ததும் நிறுத்திக்கொண்டார். அவரும் சரியாகவே கணக்கிட்டார். வேண்டாம் என்று முடிவதும் நல்ல கணக்குத்தான்.

ஆகவே யோசிப்பவர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது சிறிதே. பள்ளிக்கு அங்கீகாரம் உண்டா என்று கவுன்சிலின் பட்டியலில் நீங்களே பாருங்கள், தரகரைக் கேட்காதீர்கள். 2023இல் தேசிய நர்சிங், மகப்பேற்று ஆணையத்துக்கான புதிய சட்டம் நிறைவேறியிருப்பதால், சேரும் ஆண்டின் விதியைக் கேட்டறியுங்கள். எல்லாக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். இழக்கும் கூலியைக் கட்டாயம் எழுதுங்கள். வீட்டில் யாருடைய தோளில் சுமை ஏறும் என்று அவரிடமே கேளுங்கள்.

வயது போயிற்றே என்று தயங்குவோர்க்கு ஒரு வார்த்தை. நோயாளிகளுக்கும் நர்சுகளுக்கும் பாதுகாவலரான புனித கமில்லஸ் (1550–1614) இளமையில் போர்வீரர். சூதாட்டத்தில் உடைமைகளை இழந்தவர். காலிலே ஆறாத புண்ணோடு ரோமாபுரி ஆஸ்பத்திரிக்கு வந்தவர், பின்னர் அங்கேயே பணிவிடை செய்பவரானார். குருத்துவப் படிப்புக்கு அமர்ந்தபோது அவருக்கு 30 வயது கடந்திருந்தது.

எங்கள் நோட்டில் இன்னும் நான்கு பக்கம் மீதி இருக்கிறது. கடன் தீர்ந்ததும் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட அம்மாவைத்தான் கேட்டிருக்கிறோம். அதுவரை, கணக்குப் பார்க்க விரும்பும் எவரும் எங்கள் வீட்டுக்கு வரலாம், நோட்டைக் காட்டுகிறோம்.